மூணாம் நாளே தெரிஞ்சுபோன விஷயம்

ஹலோ... ஆமா அத்தான், நான்தான்... ஆமா, ஆமா, உங்க கொழுந்தியாதான். குரல் இப்படித்தான் ஆயிடுச்சு. தொண்டைக்குள்ள பதினோரு நாள் குழாய் விட்டிருந்தாங்கல்ல... இல்ல, குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியிலதான். நான் ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து பேசறேன்...

இருங்க. மூச்சு வாங்குது.

...பழம் வேண்டாம். டானிக்கும் வேண்டாம். உங்க கடையிலேர்ந்து ஒரு துண்டு பஞ்சுகூட வேண்டாம். கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. குடும்ப குரூப்ல ஒரு வாய்ஸ் போட்டீங்களே... எதுவா? சரிதான், தினம் காலையில ஆறு மணிக்கு ஒண்ணு போடறவர், எதுன்னுதான் கேப்பீங்க. "வயித்துல புள்ள இருக்கறவங்க கொரோனா ஊசி பக்கமே போகாதீங்க, கரு தாங்காது"ன்னு போட்டது.

...ஆமா. ஆமா. யாரோ அனுப்பினதுதான். ஆனா குரல் உங்களுது. மெடிக்கல் ஷாப் அத்தான் சொன்னா எங்க வீட்டுல அது டாக்டர் சொன்ன மாதிரி. தலைவலின்னாலும் உங்களைக் கேட்டுத்தானே மாத்திரை போடுவோம்? ஊசி போட்டுக்கம்மான்னு நர்ஸம்மா வாசல்ல வந்து நின்னாங்க. எங்க அத்தானுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு கதவைச் சாத்தினேன். சாத்தினது நான். அதை உங்க தலையில கட்டல.

...ஊசி போட்டவங்களுக்கும் கொரோனா வந்துச்சா? வந்துச்சு. வரவே வராதுன்னு யாரும் சொல்லல. என்னை மாதிரி தொண்டையில குழாய் விடற அளவுக்குப் போறது ரொம்பக் குறைவுன்னுதான் டாக்டர் சொன்னாங்க. குறுக்க பேசாதீங்க. எனக்கு இருக்கறது கொஞ்சம் மூச்சு.

நேத்து உங்க பொண்ணு வந்திருந்தா... ஆமா, இங்கதான். உங்களுக்குத் தெரியாமத்தான். அஞ்சு மாச வயித்தோட. கண்ணாடி வழியா என் பையனைப் பாத்துட்டு அழுதா. "சித்தி, அப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் ஊசி போட வச்சாரே, உங்ககிட்டயும் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்"னா.

...

அவளுக்கு மட்டும் எப்படிப் போட வச்சீங்க?

...வயித்துல புள்ள இருந்தாலும் போட்டுக்கலாம்னு பக்கத்து கிளினிக் டாக்டரம்மா சொன்னாங்களா. எப்போ?... வாய்ஸ் போட்ட மூணாம் நாளா! அடேங்கப்பா. பொண்ணைக் கூட்டிட்டு ஓடத் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் நான் காய்ச்சல்ல விழ முழுசா ரெண்டு மாசம் இருந்துச்சு அத்தான். ரெண்டு மாசம். வெந்நீர் குடிங்க, ஆவி பிடிங்கன்னு ஒரு நாள் விடாம போட்டீங்க. இதைப் போட மட்டும் வாய் வரலையா?

...மானமா. ஆமா, ஆமா. சொன்னதை மாத்திச் சொன்னா நாலு பேர் சிரிப்பாங்க.

இப்போ சிரிக்கட்டும்.

...அக்காவுக்கும் தெரியும்தானே?... ம். அவகிட்ட அப்புறம் வரேன்.

கடை போனை எடுங்க. எடுத்தாச்சா? இந்த போன் காதுலயே இருக்கட்டும், நான் கேக்கணும். குரூப்ல பேசுங்க. சொன்னது தப்பு, மூணாம் நாளே தெரியும், என் பொண்ணுக்குப் போட்டுட்டேன், உங்ககிட்ட மறைச்சேன். எல்லாம் வரணும்... "புதுசா ஆராய்ச்சி வந்திருக்கு"ன்னு சுத்தி வளைக்கற வேலை ஆகாது... மாட்டீங்களா? சரி, நான் போடறேன். இந்தக் குரல்லயே போடறேன். எது தேவலைன்னு நீங்களே பாத்துக்கங்க.

...எதுக்கா? கடைசி சித்தியோட மருமக ஏழு மாசம். உங்க பேச்சைப் புடிச்சுக்கிட்டு இன்னும் ஊசி வேண்டாம்னு உக்காந்திருக்கா. நான் சொன்னா, "நீ பயந்துபோய்ப் பேசறே, மெடிக்கல்காரர் சொல்லட்டும்"ங்கறா. சொல்லுங்க, மெடிக்கல்காரரே.

...ம்... ம்... "தெரியாம"ன்னு சொல்லாதீங்க. அழிச்சுட்டு முதல்லேர்ந்து... கடையில ஆள் நிக்கறாங்களா? நிக்கட்டும். காசு குடுத்துட்டு இதையும் கேட்டுட்டுப் போகட்டும்... சத்தமா. எனக்குத்தான் மூச்சு இல்ல, உங்களுக்கு என்ன?... ஆங்... ஆங். அனுப்புங்க.

...வந்துடுச்சு.

...மன்னிப்பா? இல்ல அத்தான். குறைமாசத்துல, ஒரு கிலோ முந்நூறு கிராம்ல பொறந்தான். இன்னும் அவனுக்குச் சத்தமா அழத் தெம்பில்ல. நீங்க அழறது எனக்கு நல்லாத்தான் இருக்கு. அழுங்க.

...இருங்க, இன்னொரு கால் வருது. அவதான், சித்தி மருமக... நீங்க பேசறீங்களா? ஐயோ சாமி, வேண்டாம். ஊசி எங்கே போடறாங்க, எத்தனை மணிக்குன்னு கேப்பா. அதை நான் சொல்லிக்கறேன். வைங்க.