முப்பத்தொன்பதுக்கு எட்டு

பெரிய டயர் மாட்டினால் வண்டி கம்பீரமாகத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பீரத்துக்காகத்தான் வருகிறார்கள். மாட்டிக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து, "இழுக்கவே மாட்டேங்குதுப்பா, மேடு வந்தா முனகுது" என்பார்கள்.

காரணம் எளிது, ஐயா. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் அது போகும் தூரம் கூடும். எஞ்சின் மட்டும் அதே எஞ்சின். சரிக்கட்ட வேண்டுமென்றால் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். பெரியதற்குக் கிரவுன் என்று பெயர், அதைச் சுற்ற வைக்கும் சின்னதற்குப் பினியன். தம்பியின் வண்டியில் கிரவுனுக்கு முப்பத்தேழு பல், பினியனுக்கு ஒன்பது. அவன் வாங்கி வைத்திருந்த டயருக்கு அது பற்றாது. நாற்பத்து மூன்றுக்கு எட்டு போட்டால் மலையில் இழுக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும். டயரின் உயரம், வண்டியின் எடை, அவன் போகிற பாதை எல்லாவற்றையும் மனசுக்குள் உருட்டிப் பார்த்து, முப்பத்தொன்பதுக்கு எட்டு என்று முடிவு செய்தேன்.

தம்பியிடம் சொன்னேன். அவன் கைபேசியை எடுத்து டயர் அளவைப் போட்டு, கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டித் திருப்பிக் காட்டினான். அதுவும் அதே விடையைத்தான் சொன்னது.

"இதுக்காண்ணே காலையிலேருந்து கூரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த?"

அங்கே நின்றிருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் கெட்டவன் இல்லை. யாரையும் பார்த்த மாத்திரத்தில் சிநேகம் பிடித்துவிடுவான். "எங்கண்ணன் வண்டிக்கு அடியில, நான் வண்டிக்கு மேல. நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் வண்டி" என்பது அவன் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை. அதிலிருந்து எனக்கு அடிவண்டி என்று பெயர் வந்தது. ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் என்னிடமே, "இங்க அடிவண்டின்னு ஒருத்தர் இருக்காராமே, காலு மட்டுந்தான் வெளிய தெரியுமாமே?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவருக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

வேலைக்கு வருகிறேன். இந்த மாதிரி வண்டிக்கு முன்னால் ஓர் அச்சு, பின்னால் ஓர் அச்சு. சாதாரணச் சாலையில் பின் அச்சு மட்டும்தான் இழுக்கும். நெம்புகோலைத் தள்ளி ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டிலும் ஒரே கணக்கில் பற்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் இன்னொரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த பாறையில் வழுக்க வழியில்லை. இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி முறுக்கிக்கொண்டு உடையும். உடைந்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்காது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின்தான். அவ்வளவு கனமான டயரை அந்தச் சரிவில் பிரேக் மட்டும் பிடிக்காது.

பின் அச்சில் புது ஜோடியைப் போட்டேன். முன் அச்சையும் பிரித்தேன். பழைய முப்பத்தேழையும் ஒன்பதையும் நன்றாகக் கழுவித் திரும்ப அதிலேயே மாட்டினேன். புது பேக்கிங் வைத்து, புது ஆயில் ஊற்றி மூடினேன். முன்னுக்கென்று வாங்கிய ஜோடி, கழிவு இரும்புப் பீப்பாயின் அடியில் கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. அச்சு வேலை முடிந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஒருவன் அதைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் உள்ளே கிரவுன் அதில் பாதி, ஒரே சுற்றுத்தான் சுற்றும். மற்றவன் அடியில் படுத்து, பினியனோடு சேர்ந்த தண்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக் குரல் கொடுக்க வேண்டும். முன் அச்சுக்கும் தம்பிதான் சக்கரத்தைச் சுற்றினான். தண்டு நாலு சுற்றுக்குமேல் துளி போய் நின்றது.

"கிட்டத்தட்ட அஞ்சுடா" என்றேன்.

"பின்னாடி மாதிரியேதான? சரிண்ணே."

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "பட்டு மாதிரி போகுதுண்ணே." போகத்தான் செய்யும். பின் அச்சில் நான் செய்த வேலை அப்படி.

கல்குவாரிக்கு மேலே இருக்கும் மலைப்பாதையில் வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டுவதாக அவன் ஏற்பாடு செய்திருந்தான். அவன் மனைவியும் கூட ஏறப் போனாள். நான்தான் தடுத்தேன். பட்டறையில் ஆள் இல்லை, நீ இரும்மா என்றேன்.

"போங்க மாமா, ஒருநாளாவது நானும் மலையப் பாக்க வேணாமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் இருந்துவிட்டாள். என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

தம்பியை வழியில் மானங்கெட நிற்க வைக்கத்தான் நினைத்தேன், இப்படி ஆகும் என்று தெரியாது என உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் கிளம்பும்போது நான் அவனிடம் சொன்னதை நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"ஏறும்போது ஃபோர் வீல் போடாத. புது கிரவுனுக்குப் பின் சக்கரமே இழுத்துடும், பாக்கறவன் அசந்துபோவான். இறங்கறப்ப, அந்தப் பாறைச் சரிவுல மட்டும் போட்டுக்க."

"சரிங்க முதலாளி" என்று சலாம் போட்டான். சொன்னபடியே செய்திருக்கிறான். மேலே நின்றவர்கள் ஒரு வெடிச்சத்தம் கேட்டது என்றார்கள். வளைவில் வண்டி திரும்பவில்லை, திருப்ப அவனுக்கு நேரமும் இருந்திருக்காது. நேரே குவாரிக்குள் விழுந்தது.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நிறுத்தலேன்னா நானும் போயிருப்பேன் மாமா" என்றாள். அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

மனசாட்சி உறுத்தித்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. வேறு எதற்கும் இல்லை. இன்று காலை உங்கள் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முன் அச்சில் பல்சக்கரத்தை மாற்ற மறந்துவிட்டார்கள், கவனக்குறைவு என்றார்கள். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், "பாவம், பெரியவருக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி வேல ஓடல" என்றார். பட்டறை வாசலில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

நான் எதையும் மறக்கவில்லை. என் தம்பியை நான் கொன்றேன், யோசித்து, கணக்குப் போட்டுக் கொன்றேன். எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். வேலையில் குறை இருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.