மூன்றாம் நாள் விருந்தாளி

டிசம்பர் மாதத்தில் ஏற்காட்டில் தோசை மாவு புளிக்காது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. காலையில் எழுந்ததும் தோசை கேட்பார்கள். நான் உப்புமா கிண்டி வைப்பேன். அதைப் பார்த்து முதல் நாள் முகம் சுளித்தவர்களே மூன்றாம் நாள் சமையலறைக்குள் வந்து, "வெங்காயம் நறுக்கித் தரட்டுங்களா?" என்று கேட்பார்கள். நான் செய்ததெல்லாம் அந்த மூன்றாம் நாளுக்காகத்தான்.

என் பெயர் தெரசம்மாள். இங்குள்ள ஒரு போர்டிங் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் ஹாஸ்டல் வார்டனாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானூறு பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டவளுக்கு அதற்கு எங்கே நேரம்? ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு நான் வார்டனம்மாதான். கரடியூர் போகும் ரோட்டில் இருக்கும் என் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறேன்.

எல்லோரும் இரண்டு ராத்திரிக்குத்தான் வருகிறார்கள். வந்த அன்று வளைவுகளில் சுற்றிய தலை நிற்காமல் படுத்துவிடுவார்கள். மறுநாள் ஏரி, படகு, வியூ பாயிண்ட், போட்டோ. அதற்கடுத்த காலையில்தான் முகம் தெளிந்து மனுஷராகத் தெரிவார்கள். அந்த நேரம் பார்த்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு "போய்ட்டு வர்றோங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இட்லி வெந்து முடிந்ததும் பானையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவதுபோல.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனபால் என்று நாமக்கல்லிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் வந்திருந்தார். கிளம்புகிற காலையில் அவர் காரை ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல. மூன்று நிமிஷத்தில் தானாக நின்றுவிட்டது. தாசில்தார் மிரண்டுபோனார். பஜாரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் நவாஸுக்குப் போன் செய்தேன். அவன் சாயங்காலம்தான் வர முடிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க வார்டனம்மா," என்று வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். "சைலன்சர் பைப்புக்கு மேல ஒரு தகடு இருக்குதுங்களா? சூடு மேல ஏறாம தடுக்கறது. அதோட போல்டு லூசாயிருச்சு. குளுருல தகடு சுருங்கி ஆடுது. சூடானா விரிஞ்சு இறுகிக்கும், சத்தம் நின்னுரும். நொம்பச் சின்ன வேலைங்க."

நான் கவனித்தது தகட்டை அல்ல, தாசில்தாரை. அன்று பகல் முழுக்க வேறு வழியில்லாமல் என் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்தார். உரித்துக்கொண்டே, தம்பியோடு பதினெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை என்று சொல்லிக் கண்கலங்கினார். நான் அதட்டினேன். என் வீட்டு வாசலிலிருந்தே தம்பிக்குப் போன் போட்டுப் பேசினார். ஒரு போல்டு லூசானதால் ஒரு குடும்பம் சேர்ந்தது. இதைத் தற்செயலாக நடக்க விடுவது எனக்குப் பொறுப்பற்ற காரியமாகப் பட்டது.

அடுத்த வாரம் பஜாருக்குப் போய்ப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். என் வீட்டு அமைப்பும் வசதி. கார் நிறுத்தும் இடம் மேலே. ஒட்டினாற்போல், ஓர் ஆள் உயரம் கீழே, என் காப்பிச் செடிகள். மிளகுக்கொடி பார்ப்பவள் மாதிரி கீழே நின்று கையை நீட்டினால் வண்டியின் வயிறும் அந்தப் போல்டும் எட்டும். சுற்றிவிட்டு வந்து அவர்கள் தூங்கி எழுவதற்குள் குழாய் ஆறியிருக்கும். முதல் தடவை ஆறுமுன் தொட்டு இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். எதையும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்.

எல்லோருக்கும் செய்யவில்லை. பிடித்தவர்களுக்கு மட்டும். குடித்துவிட்டுக் கத்துபவர்களின் வண்டிகளை நானே ஒருமுறை இறுக்கிப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். சில புது வண்டிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். கடவுளாகப் பார்த்து அவர்களைக் காப்பாற்றினார். கூடுதல் நாளுக்கு யாரிடமும் வாடகை வாங்கியதில்லை. கோழிக்குழம்பும் என் செலவுதான்.

சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுவதுதான் ஒரே சிக்கல். "அதான் நின்னுருச்சே, கெளம்பலாம்" என்பார்கள். "நின்னதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது" என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மீதியை அவர்களே நினைத்துக்கொள்வார்கள். நான் நவாஸுக்குப் போன் போட்டதாகச் சொல்லிவிட்டு, மறுநாள்தான் உண்மையில் போடுவேன்.

ஏழெட்டு வண்டிகளுக்குப் பிறகு நவாஸ் தலையைச் சொறிந்தான். "ஏனுங்க வார்டனம்மா, ஊர்ல எந்த வண்டிக்கும் வராத நோவு உங்க ஊட்டு வாசல்ல நிக்கற வண்டிக்கு மட்டும் வருது?"

"காத்து இந்தப் பக்கம் அப்படி" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

போன டிசம்பரில் தர்மபுரியிலிருந்து மாதேஷும் அவன் மனைவி சுஜாதாவும் வந்தார்கள். சுஜாதாவுக்கு முப்பது வயதிருக்கும். அம்மா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வீட்டுக்கு வந்திருக்கிறார். ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட இவளை, இரண்டு நாளாவது ஓய்வெடு என்று அண்ணன்தான் அனுப்பிவைத்தாராம். வந்த அன்றே, கேட்காமல், என் துணிகளையும் சேர்த்துக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். முப்பத்தொரு வருஷத்தில் நான் மடித்த துணிகளுக்குக் கணக்கில்லை. என் துணியை ஒருவர் மடித்து அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மதியம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காப்பிச் செடிப் பக்கம் போனேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவளுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அவளைக் கேட்கிறார், உடனே புறப்பட்டு வா என்று.

இந்த இடத்தில் என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். ஹாஸ்டலுக்கு மாதம் நான்கு முறையாவது இப்படி போன் வரும். 'தாத்தா சீரியஸ், பேத்தியை உடனே அனுப்புங்க.' அனுப்பினால், பிள்ளை நாலு நாள் கழித்து மருதாணிக் கையோடு திரும்பி வரும். ஒரே மாணவிக்கு நான்கு தாத்தாக்கள் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர்கள் ஒருவரை நிம்மதியாக ஓரிடத்தில் இருக்க விடமாட்டார்கள். அதனால் அந்தப் போனை நான் நம்பவில்லை.

மாதேஷ் காரை ஸ்டார்ட் செய்தான். கடகடத்தது. நின்றது.

"சத்தம் நின்னுருச்சுங்க, போயிரலாம்" என்றான்.

"உங்க இஷ்டம் சாமி. வளைவுல என்னமாச்சும் ஆச்சுன்னா அப்புறம் அந்தம்மாவை யார் பாக்கறது?" என்றேன்.

அவன் என்ஜினை அணைத்துவிட்டான். வாடகைக்கு ஜீப் கிடைக்குமா என்று கேட்டான். விசாரிக்கிறேன் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். யாரையும் அழைக்கவில்லை. திரும்பி வந்து, நவாஸ் வரப் பதினொரு மணியாகும், ஜீப்பும் அப்போதுதான் என்றேன். பஸ் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுஜாதா சாப்பிடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா முறுக்குச் சுடும்போது முதல் முறுக்கை எண்ணெய் சரியில்லை என்று சொல்லி இவளுக்கு மட்டும் கொடுப்பாராம். அவ்வளவு நல்ல பேச்சை நான் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

பதினொன்றே காலுக்கு மறுபடி போன் வந்தது.

அப்புறம் நவாஸை நிஜமாகவே அழைத்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். இறுக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. போல்டின் தலையில் புதுக் கீறல்களைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, கிளம்பச் சொன்னான்.

சுஜாதா என் கையை விடவே இல்லை. அதனால் நானும் அவர்களோடு தர்மபுரிக்குப் போனேன். பின் சீட்டில் இரண்டரை மணி நேரம் என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். ஹாஸ்டலில் பிள்ளைகள் காய்ச்சலில் என் மடியில் படுத்திருக்கிறார்கள். இறங்கிப் போனதும் மறந்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. துக்க வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லக் கூடாதுதான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள். முதலில் 'ஆன்ட்டி' என்றாள். ஆறு மாதமாக 'அம்மா' என்கிறாள். அடுத்த வாரம் வருகிறாள், ஐந்து நாள் தங்க. அவளாகவே ஐந்து நாள் என்றாள்.

இது தெரிந்துதான் நேற்று நவாஸ் வந்தான். உட்காரக்கூட இல்லை.

"போலீசுக்குப் போனா சிரிப்பாங்க வார்டனம்மா, போல்டை லூசாக்குனதுக்கு என்ன கேசுன்னு. ஆனா ஆறரைக்குக் கெளம்பியிருந்தா ஒம்பது மணிக்கு அந்தப் பொண்ணு அம்மாவைப் பாத்திருக்கும். வர்றதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க. வாயால வரலீன்னா எழுதிக் குடுங்க, நான் குடுத்தர்றேன்."

நவாஸ் நல்லவன். ஆனால் மெக்கானிக். எது பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறான்.

அவன் சொன்னபடி எழுதியிருக்கிறேன். போல்டைத் தளர்த்தியது நான். போனில் வந்த சேதியைக் கேட்டும் நம்பாதது நான். ஜீப்பை அழைக்காததும், பஸ்ஸைச் சொல்லாததும் நான். அந்த அம்மா ஐந்து மணி நேரம் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அவள் அண்ணன் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியதும் நான்தான். இதில் எதையும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் காகிதத்தை நவாஸிடம் கொடுக்கப் போவதில்லை. இதைப் படித்தால் சுஜாதாவுக்கு இந்த அம்மாவும் இல்லாமல் போய்விடுவாள். பெற்றவளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியாமல் போன பெண் அவள். அவளுக்கு அப்படியொரு கொடுமையைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.