செத்த சிப்பு டப்பா

கழட்டிட்டீங்களா? கழட்டுங்க தம்பி, யாரு வேணாம்னா. எங்க வீட்டுக்காரரு பத்த வைக்கிற ஈயம் தீந்துபோச்சுன்னு கடைக்குப் போயிருக்காரு. அதுவரைக்கும் எங்கிட்ட மாட்டிக்கிட்டீங்க.

இந்தக் கம்ப்யூட்டருக்கு உங்களவிட வயசு ஜாஸ்தி. மூணு வருஷமா எங்க சாப்பாட்டு மேசையில குடும்பம் நடத்துது. நாங்க மடியில தட்ட வச்சு சாப்பிடறோம். ரிட்டையர் ஆன மனுஷன், காலைல பல்லு வெளக்குறாரோ இல்லையோ, இது மூடியத் தொறந்து பல்லு பிரஷ்ஷால தூசி தட்டுவாரு. அதுவும் என் பிரஷ்ஷு. ஒரு நாள் திரையில எழுத்து வந்துடுச்சுன்னு வீட்டையே ரெண்டு பண்ணினாரு. மறுநாள் பாத்தா வெறும் கோடு. மெமரி சிப்பு போச்சுன்னாரு. புதுசு வெளிநாட்டுலேர்ந்து வந்துசேர ஒன்றரை மாசம். அதை மாட்டினா வேறொண்ணு போயிடும். இப்படியே ஆறு தடவை. கடைசியில வெக்கத்த விட்டு உங்களக் கூப்பிட்டுட்டாரு.

இல்ல தம்பி, கரண்டுக் கோளாறெல்லாம் இல்ல.

இதுக்கு முன்னாடி இதே மாதிரி பழசு ஒண்ணு சரி பண்ணாரு. ஜோரா ஓடிச்சு. அன்னைக்குப் பூரா சிரிப்பு. மறுநாள் அதைத் துணியப் போட்டு மூடிட்டுப் போய்ப் படுத்தவருதான், ரெண்டு மாசம். குளிக்கல, சவரம் பண்ணல, நான் பேசினா சுவத்தப் பாப்பாரு. பயந்தே போயிட்டேன். நானே அலைஞ்சு இதை வாங்கிட்டு வந்தேன். சரி, இது ஓடிட்டா கருவியெல்லாம் யாருக்காவது குடுத்துடறேன், இதோட போதும்னுட்டாரு.

என்ன, அந்த மூணாவது சிப்பா? கண்டுபிடிச்சுட்டீங்க, கெட்டிக்காரருதான். அது செத்ததுதான். இவரு செத்த சிப்பத் தூக்கிப் போட மாட்டாரு. எதுக்காவது ஆகும்னு டப்பாவுல சேத்து வைப்பாரு, ஒரு அடையாளம் கூடப் போட மாட்டாரு. பாக்க நல்லதும் செத்ததும் ஒரே மாதிரிதானே இருக்கு. ரெண்டு முனையிலயும் மெதுவா நெம்பிக் கழட்டணும், இன்னொண்ண மாட்டறப்போ பள்ளம் இருக்குற பக்கம் மாறிடக் கூடாது. பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து நானே பழகிட்டேன்.

நான் கழட்டின நல்லது ஆறும் என் ஊசி டப்பால பத்திரமா இருக்கு. வேணும்னா ஒண்ண எடுத்து மாட்டுங்க, நான் தடுக்கல. ஆனா அவரு மறுபடி போய்ப் படுத்துட்டா, அவருக்குள்ள எதைக் கழட்டி எதை மாட்டறதுன்னு எனக்குத் தெரியாது தம்பி.

ஆங், வாங்க, ஈயம் கெடச்சுதா? தம்பிக்கும் ஒண்ணும் பிடிபடலையாம். என்ன தம்பி?