சாமி படத்துக்குப் பின்னால் இருந்த மெழுகு

— என்னங்கண்ணே, இந்த மெழுகுக்கட்டியில ஊதுபத்தி வாசம் தூக்குது?

— தூக்கத்தானுங்க அம்மிணி செய்யும். லாரியில சாமி படத்துக்குப் பின்னால ஒரு வாரமாட்டம் வெச்சிருந்தேன்.

— யா அல்லா! உங்க கழுத்துக் கட்டியில எடுத்த சதை இதுக்குள்ளதானே இருக்கு? நேரா எங்க லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லித்தானே ஆஸ்பத்திரியில குடுத்தாங்க?

— சொன்னாங்க. சங்ககிரியிலிருந்து ரெண்டு மூணு வாட்டி கெளம்பியும் வந்தேன். உங்க போர்டைக் கண்டதும் வண்டி தானா ஆத்தூர் ரோட்டைப் புடிச்சிருச்சுங்க.

— வண்டியா?

— சரி, நாந்தான். பயமுங்க! இந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்கலீங்க. அப்படி என்னத்தப் பாப்பீங்க இதுல?

— சதையை மெலிசாச் சீவி, ஒரு ஜீனோட ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் பச்சைச் சாயம் ஒட்டவெப்போம். மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒட்டி நின்னா ஜீன் முழுசா இருக்கு. பிரிஞ்சு நின்னா, ஜீன் ஒடைஞ்சு வேற எடத்துல போய் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.

— டிரெய்லரு கழண்டு அடுத்தவன் இஞ்சினுல மாட்டிக்கிட்டாப்பலயா?

— அதேதாண்ணே. அப்படின்னா புத்துநோய் வேகமாப் பரவும், மருந்தும் வேற. வீட்ல சொல்லிட்டீங்களா?

— ஆராயிகிட்டயா? மூச்சு உடலீங்க! வெறும் கொழுப்புக்கட்டின்னு சொல்லி வெச்சிருக்கேன். பாவம், எலிக்குட்டியக் கண்டாலே மயங்கி உழுந்துருவா. தனியா வரப் பயந்துக்கிட்டு, சேலை எடுக்கலாம்னு பொய் சொல்லிக் கூட்டியாந்து வெளிய பெஞ்சுல உக்கார வெச்சிருக்கேன்.

— நல்லா சொன்னீங்க போங்க. ஆமா, இதுல நம்பர் போட்ட பிளாஸ்டிக் பில்லை இருக்கணுமே, எங்கண்ணே? இருங்க, ஓரத்துல கொஞ்சம் சீவிப் பாக்குறேன்... அண்ணே, இது சதையில்ல. தேங்காச் சில்லு!

— என்ர கழுத்துக்குள்ள தேங்காயா?

— உங்க கழுத்துல இல்லண்ணே! யாரோ மெழுகுவத்திய உருக்கி ஊத்தி, நடுவுல தேங்காயப் பதிச்சிருக்காங்க.

— ஐயய்யோ, அப்ப என்ர சதை? மறுக்கா கழுத்த அறுக்கோணுமா? ஏ ஆராயி! ஆராயி!

— கத்தாதீங்க மாமா, வந்துட்டேன். அம்மிணி, அந்தச் சதை உங்ககிட்டதான் இருக்குது. வெள்ளிக்கெழமைப் பூசைக்கு வண்டி தொடைக்கறப்பப் பாத்தேன். டாக்டருகிட்டக் கேட்டு, அன்னைக்கே இங்க கொண்டாந்து, உங்க லேபுல கண்ணாடி போட்ட இன்னொரு அம்மிணிகிட்டக் குடுத்துட்டேன். இவரு தேடுவாருன்னு அந்த எடத்துல இதைச் செஞ்சு வெச்சேன்.

— அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?

— நீங்கதான் தாங்க மாட்டீங்களே! டாக்டரு இப்பத்தான் போன் பண்ணுனாரு. சிவப்பும் பச்சையும் பிரியவே இல்லியாமா, மருந்துக்குக் கேக்குமாமா. கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிங்க, அந்த ரெண்டு கலருலயும் சேலை எடுக்கலாம்.