லெயோனைச் சுத்தமாக அனுப்பினேன்

பாஸ்குத் திருநாளில், கர்த்தர் உயிர்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையில், என் வீட்டில் எப்போதும் ஆட்டுக்கறிக் குழம்புதான். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் திரிந்துவிடும். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடமும் அதைச் சாப்பிடத்தான் என் தம்பி லெயோனைக் கூப்பிட்டேன். வேறு எண்ணம் அப்போது எனக்கு இல்லை. கொம்மிசேர் ஐயா, போலீஸ் ஏட்டில் இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோசா, தம்பி நரகத்துக்குப் போவாம பாத்துக்கடி. நீதான் பொறுப்பு" என்றாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

லெயோன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். சாராயம் குடிப்பான், குடித்தால் மனைவி ஜெனவியேவை அடிப்பான். பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தால் சாமியாரிடம் போய் அழுது பாவசங்கீர்த்தனம் செய்வான். பிறகு மறுபடியும் குடிப்பான். முந்தின வருடம் நான்கு நாள் தாங்கினான். போன வருடம் பதினோரு நாள். இந்த வருடம் தபசு காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பயம்தான் அதிகமானது. இத்தனை நாள் சேர்த்ததை ஒரே மடக்கில் தொலைத்துவிட்டு, அந்தப் பாவத்தோடு வண்டியில் அடிபட்டுச் செத்தால்? நித்திய நெருப்பு, ஐயா.

அன்று காலைப் பூசையில் இருவரும் பாவமில்லாத நாக்கை நீட்டி, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினோம். பிள்ளைத்தாய்ச்சியான ஜெனவியேவ் தோணி ஏறப் பயந்து வீட்டில் தங்கிவிட்டாள். நோணாங்குப்பத்து ஆற்றின் அக்கரையில் இருக்கிறது என் தோப்பு வீடு. நானே கழி போட்டுத் தோணியைத் தள்ளினேன்.

"என்னக்கா, எனக்காக வேண்டிக்கிட்டே போன வருசம் மாரி கறில உப்புப் போட மறந்துட்டியா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"இனிமே குடிக்கமாட்ட இல்ல?" என்று கேட்டேன்.

"அத எப்டிக்கா இப்பவே சொல்றது? விழுந்தா அங்கியே கெடக்காத, எழுந்து வந்துடுன்னாரு சாமி. விழுந்தாலும் வந்துடுவேன்க்கா."

அவன் முகம் தெளிவாக இருந்தது. ஆனால் பேச்சைக் கேட்டீர்களா? இன்னும் உச்சிப்பொழுது ஆகவில்லை, அதற்குள் விழுவதைப் பற்றிப் பேசுகிறான். அந்த நிமிடம் அவன் ஆத்துமம் வெள்ளையாக இருந்தது. அடுத்த நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

கழியை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. மேலே வந்ததும் கழியைப் பிடித்துக்கொண்டான். நான் இழுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பான். "அக்கா" என்றான். அடுத்து ஒரு வசைச்சொல் வந்துவிட்டால் எல்லாமே வீணாகிவிடும் என்று பயந்து, முழங்காலிட்டுக் கழியை அழுத்தினேன். வசை எதுவும் வரவில்லை. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கால் இடறி விழுந்தான் என்றேன். ஊர் நம்பியது. அடக்கம் முடிந்த பிறகு ஜெனவியேவ் என் மடியில் விழுந்து, "சாவுற நேரத்துல எண்ணெய் பூச ஒரு சாமி கூட இல்லியே அண்ணி. அவரு எங்க போயிருப்பாரோ" என்று அழுதாள். அந்தப் பயம் எனக்குத் தெரியாததா?

"அழுவாதடி. அவன் நேரா மோட்சத்துக்குத்தான் போனான். சுத்தமா இருக்கறப்பவே நான் அனுப்பிட்டேன்" என்று தேற்றினேன்.

அழுகையை நிறுத்தி என் கைகளைப் பார்த்தாள். அப்படித்தான் விஷயம் உங்களிடம் வந்தது.

பங்குச் சாமியார் தினமும் சிறைக்கு வந்து பாவத்தை நினைத்து மனஸ்தாபப்படச் சொல்கிறார். எந்தப் பாவம் என்று எனக்கு விளங்கவில்லை. நேற்று உங்கள் குமாஸ்தாவும் ஒன்று கேட்டார்: "நீயுந்தான் அன்னிக்கு நன்மை வாங்கின. மோட்சம் அவ்ளோ கிட்டக்க இருந்தா, நீ ஏம்மா குதிக்கல?"

தோணி பயங்கரமாக ஆடியது, ஐயா. அங்கே ஆழம் அதிகம். நான் ஒரு கையால் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.