மானுக்கு இட்லி ஆகாது

இட்லி மானுக்கு ஆகாது. புளித்த மாவு அதன் வயிற்றில் உப்பிவிடும். நீ சாப்பிடு சஃபீனா, போலீஸ்காரிக்கு ஒன்றும் செய்யாது. தாராவியிலிருந்து செம்பூருக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாய், முகத்திலேயே தெரிகிறது.

"வேண்டாம் மாமி, டூட்டில இருக்கேம்லா."

சரி, தட்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

எங்கள் காலனிக்குப் பின்னால் வேலி போட்ட தோட்டம் இருக்கிறதே, மூடிப்போன கம்பெனியின் முதலாளி அதில் ஒரு ஜோடி புள்ளிமானை விட்டுவிட்டுப் போனார். ஜோடி சும்மா இருக்குமா? இப்போது காலை நேர ஹார்பர் லைன் ரயில் மாதிரி நெரிசல். புல் தீர்ந்தது, மரப்பட்டை தீர்ந்தது, குட்டிகள் மிதிபட்டுச் செத்தன. வனத்துறையினர் வந்து பார்த்தார்கள். வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்கள், ஆண்களைத் தனியே அடைத்துவையுங்கள், மிச்சத்தை நாங்கள் கொண்டுபோகிறோம் என்றார்கள். நல்ல யோசனை. காலனி செகரட்டரி அனந்தகிருஷ்ணன்தான் ஒப்பவில்லை. கோயிலில் மிஞ்சிய புளியோதரையை வாளி வாளியாகப் போட்டு வளர்த்தவர் அவர்.

"ஆம்படையானையும் பொண்டாட்டியையும் பிரிக்கச் சொல்றேளே ஷ்யாமளா மாமி, பாவமில்லையோ?"

"அங்கே யாருக்கு யார் ஆம்படையான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உங்களுக்குப் பொறாமை. உங்ககிட்ட ஒண்ணுகூட வரமாட்டேங்கறது."

இதற்கெல்லாம் கோபப்படுகிறவள் இல்லை நான். கிட்டே போனால் அவை ஓடும், உண்மைதான்.

நிதானமாக யோசித்தேன். மானைக் கொன்றால் ஜெயில். தவிர, மான்கள் உபரி இல்லை. சோறு போடுகிறவர்தான் உபரி. ஒருவரைக் குறைத்தால் போதும்.

கோடையில் பெரிய ஆண் மானுக்குக் கொம்பு முற்றிக் கூராகும். துணை தேடும் நாளில், எதிரே நிற்பது இன்னொரு மானா செகரட்டரியா என்று அது பார்க்காது. யாரும் உள்ளே போகாதீர்கள் என்று வனத்துறை நோட்டீஸ் ஒட்டியது. அனந்தகிருஷ்ணன் அதைக் கிழித்து வாளிக்கு மூடியாக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் உள்ளே போனார். வேலிக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி உண்டு. போட்டேன்.

"மாமி, கொக்கி!" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார், கொஞ்சம் சத்தமாக. நான் வீட்டுக்கு வந்து சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். முற்றல் தேங்காய், நேரமெடுத்தது. திரும்பிப் போய்க் கொக்கியை எடுத்தபோது தோட்டம் அமைதியாக இருந்தது.

போலீஸில் நீங்கள் எல்லோரும் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஆண் மானைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்களாம். அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். அது ஒரு பாவமும் அறியாது. கொன்றது நான்.

மற்றதையெல்லாம் கொண்டுபோகட்டும், அதை மட்டும் விட்டுவிடச் சொல்லு கண்ணு. நேற்றிலிருந்து என் கையில்தான் இட்லி சாப்பிடுகிறது.