சோற்றுப் பொதி கொடுத்தவள்

ஓடுகிறோம். காலை ஐந்து மணி பத்து நிமிடம். 2001 மே. உக்ரைனுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடுவே ஒரு காடு. பதினொரு பேர். எல்லோரும் இலங்கைத் தமிழர். முன்னால் போகிறவன் உள்ளூர்க்காரன், வழிகாட்டி. அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நாய் குரைக்கிறது. ஒன்றில்லை, இரண்டு.

"ஸ்தோய்! ஸ்தோய்!"

நில் என்று அர்த்தம். எந்தப் பாஷையில் கத்தினாலும் அது மட்டும் விளங்கிவிடும். ஒரு வெடி. தலைக்கு மேல் கிளை முறிந்த சத்தம். வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். கிளை வானத்திலா இருக்கிறது?

"குனியும்! குனிஞ்சு ஓடும்!" இது குணம். என் கணவர்.

ஆறு வந்தது. இடுப்பளவுத் தண்ணீர். எனக்கு முன்னால் ஒரு மட்டக்களப்புக்காரர் இறங்கினார். அக்கரையில் எண்ணினோம். பத்துப் பேர். அவர் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர் கேட்கக் கூடாது என்பது காசு வாங்கி எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரனின் சட்டம். பதினைந்து நாள் ஒரே பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றிருக்கிறோம். பெயர் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

நாங்கள் வன்னியிலிருந்து போனோம். விசுவமடுப் பக்கம். பதுங்குகிற பங்கரும் குண்டு போடுகிற கிபிர் விமானமும் பழகிப்போன ஆட்கள். காட்டில் நான் பயப்படவில்லை. ஐரோப்பாவில் இறங்கிய பிறகுதான் பயந்தேன்.

பிராங்க்பேர்ட்டில் ஒரு அறை. இரண்டரை மாதம். ஜன்னல் திரையை விலக்கக் கூடாது. குணத்தின் அண்ணன் பாரிஸில் இருந்தார். 1984இல் போனவர். கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி, மேற்கு பெர்லினில் இறங்கியவர். காலில் சேறு படவில்லை. அந்தக் காலத்தில் அகதியைப் பாவம் என்று பார்த்தார்கள். எங்கள் காலத்தில் நாய் விட்டார்கள். அண்ணனிடம் போய்விடலாம் என்றுதான் அவ்வளவு தூரம் நடந்தோம். போன் எடுத்தோம்.

"இஞ்ச வராதேங்கோ. இப்ப பிடிச்சுத் திருப்பி அனுப்புறாங்கள். கனடாவுக்குப் போகப் பாருங்கோ" என்றார். அவர் பிள்ளைகள் பின்னால் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டவன்தான் கதவை முதலில் சாத்துவான். அவரைக் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் வந்தேன். முடியவில்லை. குறைதான் சொல்கிறேன்.

ஆகஸ்ட். கள்ளப் பாஸ்போர்ட். அமெரிக்காவில் நியூ ஜெர்சி, நியூவர்க் வழியாக டொரண்டோ. நியூவர்க்கில் பிடித்தார்கள். அகதி என்று சொன்னோம். கிடங்கு மாதிரி ஒரு தடுப்பு மையத்தில் போட்டார்கள். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேச விடவில்லை. நடுவில் செப்டம்பர் பதினொன்று வந்தது. அதற்குப் பிறகு காவலாளிகள் எங்கள் முகத்தைப் பார்த்த பார்வையே வேறு.

அக்டோபர். விசாரணை. அவருக்கு ஒரு நாள். எனக்கு அடுத்த நாள். மொழிபெயர்க்க எடிசன் என்ற ஊரிலிருந்து ஒரு சென்னைப் பெண் வந்திருந்தாள். ராஜி என்று பெயர். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். சத்தியம்.

எனக்கு அப்போது நாலரை மாதம். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னால் அது சொன்னவளை விட்டுவிட்டு வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த அதிகாரிக்கு அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். நான் கண்ணகை அம்மன் முன்னால் நிற்பதாகவே நின்றேன்.

ஆயுதக் குழு எதற்காவது எதையாவது கொடுத்ததுண்டா? பணம்? ஆள்? சாப்பாடு?

சாப்பாடு கொடுத்தோம் என்றேன். கிழமையில் இரண்டு நாள் எங்கள் வீட்டு முறை. நாலு பொதி. புட்டும் சம்பலும். இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்து எடுப்பார்கள்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். ஏதோ கேட்டார். ராஜி மெதுவாகச் சொன்னாள்.

"துப்பாக்கி காட்டி force பண்ணாங்களான்னு கேக்கறார். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசிக்கச் சொல்வது அவள் வேலை இல்லை. சொன்னாள். எனக்கு உறைக்கவில்லை.

"ஒருத்தரும் மிரட்டேல்லை. பசிச்சு வாற பிள்ளையளுக்குச் சோறு குடுக்கத் துவக்கு வேணுமே?" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். நாங்கள் நல்ல குடும்பம் என்று காட்ட.

முதல் நாள் குணம், ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தார். இயக்கம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள் என்று ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நான் பயங்கரவாதிக்கு உதவி செய்தவள். அவர் பொய்யர். என் வழக்கை முடிவு சொல்லாமல் நிறுத்திவைத்தார்கள். அவர் வழக்கைத் தள்ளினார்கள்.

பிள்ளைத்தாச்சி என்று என்னை டிசம்பரில் வெளியே விட்டார்கள். ஐசலின் என்ற ஊரில் ஒரு புடவைக் கடையில் வேலை. மார்ச்சில் மகள் பிறந்தாள். அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்பு மையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிள்ளையும். அந்தப் பக்கம் அவர். போனில் பேச வேண்டும்.

"ஏன் உந்தச் சோத்துக் கதையைச் சொன்னனீர்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

2005இல் அவரைக் கொழும்புக்குத் திருப்பி விமானம் ஏற்றினார்கள். சண்டை ஓய்ந்திருந்த காலம், போய்ப் பார்ப்போம் என்றார். வன்னிக்கு, தாயிடம் போனார். அடுத்த வருடம் சண்டை தொடங்கியது. பாதை பூட்டியது.

பிறகு சட்டம் கொஞ்சம் இளகியது. மிரட்டப்பட்டுக் கொடுத்தவர்களை மன்னிக்கலாம் என்று. என் லோயர் கேட்டார், உண்மையில் பயமே இருக்கவில்லையா? அழுதேன். பயம் இல்லாமலா? முறை தவறிய வீட்டுக்கு என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் ஒருவரும் துவக்கைத் தூக்கிக் காட்டத் தேவைப்படவில்லை. அதை ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் சொல்ல என் மானம் விடவில்லை. ஏழு வருடம் கழித்துச் சொன்னேன். 2008 கடைசியில் என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அன்றே குணத்தைக் கூப்பிட மனுப் போட்டேன்.

2009 பெப்ரவரி. காலை ஏழு நாற்பது. அங்கே மாலை. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மகள் சப்பாத்துப் போடுகிறாள். போன். குணம், யாருடையதோ சட்டலைட் போனில். இரண்டு நிமிடம்தான்.

"மகள் பள்ளிக்கூடம் போயிட்டாவே?"

மனுப் போட்டுவிட்டேன் என்று சொல்லத் தொடங்குகிறேன். தூரத்தில் பீரங்கியிலிருந்து செல் குத்திக் கிளம்புகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. குத்தினால் விழுவதற்குள் எண்ணிப் பழகியவள் நான். நியூ ஜெர்சிச் சமையலறையில் நின்று எண்ணுகிறேன்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

விழுந்த சத்தம் கேட்டது. லைன் இருந்தது. ஆள் இல்லை. பிறகு லைனும் இல்லை.

"ஹூ வாஸ் இட், அம்மா?" என்றாள் மகள். அப்பா என்றேன். பஸ் வந்தது. போனாள்.

மார்ச்சில் அவரைக் காயத்தோடு மாத்தளனில் கண்டதாக முகாமுக்குத் தப்பி வந்த ஒரு பெண் சொன்னாள். ஏப்ரலில் புதைத்ததாக இன்னொருவர் சொன்னார். எந்த இடம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

கணக்கு இது. ஆற்றில் ஒருவர், பெயர் தெரியாது. விசுவமடுவில் வீடு ஒன்று, கிணறு ஒன்று, பதினாறு தென்னை. மாமி, குணத்தின் தாய், பங்கருக்குள். மாமியின் மூத்த மகள், அதே பங்கரில். அவள் பிள்ளைகள் இரண்டு. பாரிஸில் ஓர் அண்ணன், உயிரோடுதான் இருக்கிறார், பேசுவதில்லை. குணம், முப்பத்தொன்பது வயது. உடல் இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை.

ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டது, கணவர் வரலாம். அவர் பெயர், பிறந்த திகதி எல்லாம் சரியாக இருந்தன.